கழன்றது யார் மரை?

"உங்க ரெண்டு பேருக்கும் பார்வை நேரம் முடிஞ்சு போச்சு," என்றார் கேப்டன்.

"நாங்க இன்னும் உள்ளேயே வரலையே சார்," என்றான் ரேடியோ.

"அதனாலதான் சொல்றேன்."

பயிற்சிப் பள்ளியின் இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம், பள்ளியை நடத்தும் கேப்டன் நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ரேடியோவும் மேடமும். ரேடியோ என்பது அவனுடைய அக்கா சின்ன வயதில் வைத்த பேர். போட்டால் நிறுத்த முடியாது என்பதால் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது. மேடம் துப்பறிவாளர். முதுகுக்குப் பின்னால் அவரை ஊமைக்கோட்டான் என்பார்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவர் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் எதிரில் இருப்பவன் எதையாவது பேசி மாட்டிக்கொள்வான். அதற்கும் மசியாதவர்களை ரேடியோ பேசியே எரிச்சலூட்டுவான். இந்த இரண்டு ஆயுதங்களை வைத்துக்கொண்டுதான் அவர்கள் தொழில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று ரேடியோவுக்கு ஜோக் அடிக்கும் மனநிலை இல்லை. ஆனாலும் விக்கல் மாதிரி அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"பதினெட்டு ஆகாத பொண்ணு சார். விசாரணைன்னா வீட்டு ஆள் கூட இருக்கணும். நான் தாய்மாமன்."

"இவங்க?"

"எனக்கு முதலாளி. இவங்க இல்லேன்னா எனக்கு மூளை ஓடாது. நான் இல்லேன்னா இவங்களுக்கு வாய் ஓடாது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆள்னு கணக்கு வச்சுக்குங்க."

கேப்டன் சிரிக்கவில்லை. கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தார்.

"சாயங்கால அணிவகுப்பு வரைக்கும் இருக்கலாம். கொடி இறங்கும்போது உங்க பொண்ணு பேரும் பட்டியல்லேருந்து இறங்கும். அப்புறம் அவ போலீஸ் பொறுப்பு. என் மகன் கால் எலும்பு ரெண்டா உடைஞ்சு கிடக்கான். நான் யாருக்கும் தயவு காட்டற நிலைமையில இல்ல."

மேடம் தலையை மட்டும் அசைத்தார். மூவரும் நடந்தார்கள்.

*

கொட்டகையில் அந்தப் பழைய ராணுவ ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எந்தச் சண்டைக்கோ போய்வந்து, மைதானத்து மூலையில் மக்கிக் கிடந்த வண்டி. இன்ஜினுக்குள் குருவி குடும்பம் நடத்தியிருந்ததாம். இயந்திர வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று பள்ளி அதை மாணவர்களிடம் கொடுத்தது; கேப்டனின் மகனும் அவர்களில் ஒருவன். அவர்கள் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, துரு சுரண்டி, திரும்பப் பூட்டி, பச்சை வர்ணம் அடித்து ஓட வைத்துவிட்டார்கள். அவர்கள் வைத்த பேர் 'பெரிசு'. அந்தக் கூட்டத்தில் எப்போது பார்த்தாலும் முழங்கை வரை கறுப்பாக இருந்தவள் ரேடியோவின் அக்கா மகள். அவளுக்கு அவர்கள் வைத்த பேர் 'கிரீஸ்'.

"வேலை கத்துக் கொடுத்த பட்டறை வாத்தியார் எங்க?" மேடம் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"வண்டி முடிஞ்சுது, ஆளும் முடிஞ்சார். போன வாரமே அனுப்பிட்டேன்."

"வாகன வேலை உங்களுக்குப் பழக்கமா?"

"ஒழுங்கு எனக்குப் பழக்கம். அது இருந்தா மத்தது தானா வரும்." கேப்டன் சாய்ந்த பக்கத்தைக் காட்டினார். "நேத்து ஆண்டு விழா. விருந்தாளிங்க முன்னாடி என் மகன் இதை ஓட்டிக்கிட்டு மைதானத்தைச் சுத்தணும். அதுக்கு முன்னாடி எல்லாம் சரியா இருக்கான்னு நானே பார்த்தேன். முன் இடது சக்கரத்துல அஞ்சு நட்டு. அஞ்சும் லூஸ். பசங்க வேலை எப்படி இருக்கும்? ஒவ்வொண்ணும் எப்படித் திரும்புச்சு தெரியுமா? எல்லாத்தையும் என் கையால இறுக்கினேன். அப்பத்தான் உங்க பொண்ணு அத்தனை பேர் முன்னாடி எனக்கு மரை கழண்டு போச்சுன்னு கத்தினா."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான்.

மரை என்றால் திருகாணியிலும் நட்டுக்குள்ளும் சுற்றிச் சுற்றி ஓடும் வரி. அது கழன்றவன் என்றால் கிறுக்கன். ரேடியோ வாயில் காலையிலிருந்து இரவு வரை புழங்கும் சொல். பால்காரன் மரை கழண்ட கேஸ், பக்கத்து வீட்டுக்காரன் மரை கழண்ட கேஸ், மழைக்குக்கூட மரை கழண்டிருந்தது. அக்கா மகள் பேசப் பழகியதே அவன் தோளில் உட்கார்ந்துகொண்டுதான்.

"வரிசையில நின்ன பசங்க சிரிச்சாங்க. விருந்தாளிங்களும் சிரிச்சாங்க," என்றார் கேப்டன். சிரித்தார்கள் என்ற சொல்லை அவர் கல்லைக் கடித்ததுபோல் சொன்னார். "போய் மைதானத்தைச் சுத்தி ஓடுன்னு அனுப்பினேன். அந்த ஆத்திரத்துல யாரும் பார்க்காதப்ப திரும்பி வந்து நட்டைக் கழட்டி விட்டிருக்கா. வண்டி வளைவுல திரும்பறதுக்குள்ள சக்கரம் தனியா ஓடிருச்சு. வண்டி கவுந்துது."

"அவ கழட்டினதை யார் பார்த்தா?"

"பார்க்கணுமா? வண்டி கிளம்பினதுமே இவ ஓட்டத்தை விட்டுட்டு, 'நிறுத்து நிறுத்து'ன்னு பின்னாலயே துரத்திக்கிட்டு வந்தா. சக்கரம் கழலறதுக்கு முன்னாடி. கழலப்போகுதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? கழட்டினவளுக்குத்தானே தெரியும்!"

ரேடியோ பதில் சொல்ல வாயெடுத்தான். அவனுக்கே அது சரியாகத்தான் பட்டது. அதுதான் காலையிலிருந்து அவனை முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மேடம் கீழே உட்கார்ந்து, கழலாமல் இருந்த பின் இடது சக்கரத்தைப் பார்த்தார். நட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்த ஆணி முனைகளில் ஒரு ஆங்கில எழுத்து குத்தியிருந்தது. எல்.

"எல்னா லெஃப்டு," என்றான் ரேடியோ. "எது இடதுன்னு மறந்துடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. பட்டாளத்துக்காரங்க செருப்புலயும் எழுதியிருப்பாங்க."

மேடம் எழுந்து அந்தப் பக்கம் போய் வலது சக்கரத்தைப் பார்த்தார். அங்கே எழுத்து எதுவும் இல்லை. சுவரில் நேற்று எடுத்த புகைப்படம் ஒன்று ஒட்டியிருந்தது. கேப்டன் முன் இடது சக்கரத்தின் எதிரில் நிற்கிறார். ஸ்பானரின் பிடி அவருக்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் பூட்ஸ் காலை வைத்து அழுத்துகிறார். பக்கத்தில் ஸ்பானர் தட்டைப் பிடித்தபடி கிரீஸ். மேலே ஓட்டுநர் இருக்கையில் ஒரு பையன். அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம்.

மேடம் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அவருடைய இந்த மௌனத்தில் எப்போதும் ரேடியோவுக்கு மூச்சு முட்டும். இன்று அதைத் தொந்தரவு செய்ய அவனுக்குப் பயமாக இருந்தது.

*

கிரீஸைச் சாமான் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். மாமனைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏண்டி, வாய் வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றான் ரேடியோ. அவன் அதைச் சொல்ல நினைக்கவில்லை. அதுதான் முதலில் வந்தது.

"உங்க வாய்தானே மாமா. உங்ககிட்டேருந்துதான் வந்துச்சு."

"கழட்டினியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கேக்கவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கீங்க. அப்புறம் எதுக்குக் கேள்வி?"

"நான் எங்கடி முடிவு பண்ணேன்?"

"மூஞ்சியிலேயே ஒட்டியிருக்கு."

மேடம் குறுக்கே வந்தார். "நேத்து நீ கத்தின வார்த்தை எனக்கு வேணும். அர்த்தம் வேண்டாம். விளக்கம் வேண்டாம். வாயிலேருந்து வந்தது எதுவோ, அது."

கிரீஸ் தயங்கினாள். "விசாரணையில, மரைன்னு சொன்னியான்னு கேட்டாங்க. 'ஆமா', 'இல்ல', ரெண்டு பதில்தான் சொல்லணும்னாங்க. ஆமான்னேன்."

"நான் ஆமா, இல்ல கேக்கல."

"'சார், மரை கழலுது.' அவ்வளவுதான்."

"பார்த்தீங்களா மேடம்," என்றான் ரேடியோ. "ஒத்துக்கிட்டா. என் வாயி, என் சொல்லு. எனக்கும் சேர்த்து ரெண்டாவது ஸ்டூல் போடச் சொல்லுங்க."

மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது, அவனுக்குப் பிடிபடவில்லை.

"இன்னும் ஏதாவது சொல்லணுமா உனக்கு?" என்று அவளைக் கேட்டுவிட்டு, மேடம் தன் வழக்கமான மௌனத்தைத் தொடங்கினார். யாரையும் பேச வைக்கும் மௌனம் அது. கிரீஸ் உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் கோத்தது. ஆனால் பேசவில்லை. மேடத்தின் மௌனத்தை இன்னொரு மௌனம் ஜெயித்ததை ரேடியோ முதன்முறையாகப் பார்த்தான்.

*

கொட்டகைக்கு ஒட்டினாற்போல நோயாளி அறை. கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் கட்டிவிட்டுப் படுத்திருந்தான் கேப்டனின் மகன். இவர்களைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தம்பி, உன் கூட்டாளி கிரீஸுக்கு நான் மாமா."

"எனக்குப் பேச இஷ்டமில்ல."

"உங்க அப்பாவும் இதையேதான் சொன்னார். ஆனா நிறுத்தாமப் பேசினார்."

பையன் அசையவில்லை. மேடம் கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ அணிவகுப்புக்கு விசில் ஊதிப் பார்த்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"நான் மெதுவாத்தான் ஓட்டினேன்," என்றான் பையன் சுவரைப் பார்த்தபடி.

"அப்படியா?"

"மெதுவாத்தான் ஓட்டினேன். ரொம்ப மெதுவா." பிறகு குரல் உடைந்தது. "அவளை நிஜமாவே அனுப்பிடுவாங்களா?"

"கொடி இறங்கும்போது," என்றார் மேடம்.

அவன் தலையணையை இழுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டான்.

வெளியே வந்ததும் ரேடியோ பொருமினான். "அங்க வாயைத் திறந்தா அப்பன் கொட்டறான். இங்க வாயைத் திறந்தா மகன் ஒரே வரியைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாடறான். எல்லாருக்கும் மரை கழ—" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"முடிச்சுடு," என்றார் மேடம்.

"வேண்டாம் மேடம். இந்த வார்த்தையை இனி ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டேன்."

"இன்னைக்கு ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். தயாரா இரு." மேடம் கொட்டகையை நோக்கி நடந்தார். "கேப்டனைக் கூப்பிடு. பொண்ணையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. அந்தப் பசங்களையும்."

*

கேப்டன் மாணவர்களைக் கொட்டகை வாசலில் வரிசையாக நிறுத்தினார். சாட்சிகள் முன்னால் நடக்கட்டும் என்பது அவர் எண்ணம். கிரீஸ் தனியாக ஓர் ஓரத்தில் நின்றாள்.

"என்ன, முடிஞ்சுதா உங்க ஆராய்ச்சி?"

"முடிஞ்சுது," என்றார் மேடம். "உங்க வாக்குமூலம்தான் இந்தக் கேஸுக்கே முதுகெலும்பு. நீங்க நல்லா இறுக்கினது நிரூபணமாயிட்டா, அப்புறம் யாரோ கழட்டினதும் நிரூபணம். பொண்ணு தப்பிக்கவே முடியாது."

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், நாம யார் பக்கம்?"

"சும்மா இரு." மேடம் ஸ்பானரை எடுத்து நீட்டினார். "எப்படி இறுக்கினீங்கன்னு ஒருதடவை செஞ்சு காட்டிடுங்க. பின் இடது சக்கரத்துல. அதை நீங்க நேத்து தொடலையே?"

"தொடல. முன்னாடி மட்டும்தான் படம் எடுத்தாங்க." சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. முகம் இன்னும் கடுத்தது. ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு போனார். நட்டில் மாட்டினார். பிடி வலப்பக்கம். பூட்ஸ் காலைத் தூக்கி வைத்து ஓங்கி அழுத்தினார்.

கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டு திரும்பியது.

"பார்த்தீங்களா? இதையும் லூஸா விட்டிருக்காங்க! என்னடா வேலை பார்த்திருக்கீங்க?" என்று வரிசையைப் பார்த்து உறுமினார்.

வரிசையில் ஒருவனும் இமைக்கவில்லை. கிரீஸின் கை தானாக முன்னால் நீண்டது. பிறகு அவள் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் இறுக்குங்க," என்றார் மேடம்.

கேப்டன் இறுக்கினார். இப்போது காலே தேவைப்படவில்லை. கையாலேயே சுற்றியது.

"இன்னும்."

சுற்றினார்.

"இன்னும் கொஞ்சம்."

"எவ்வளவுதான் லூஸா..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். ஸ்பானர் தொளதொளவென்று ஆடியது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். நட்டு கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

நேற்று சிரித்த அதே வரிசை. இன்று ஒரு சத்தம் இல்லை. கேப்டன் கையிலிருந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார்... யார் இதுல மரையை மாத்தினது?"

"செஞ்சவங்க," என்றார் மேடம். "இந்த வண்டி பொறந்ததிலேருந்து இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை. ஓட்டத்துல நட்டு தானா கழலாம இருக்கறதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு. மத்த நட்டை இறுக்கற பக்கம் திருப்பினா இது கழலும். அதுக்குத்தான் அந்த எழுத்து. கழட்டிப் பூட்டின இந்தப் பசங்க எல்லாருக்கும் இது தெரியும்."

"தெரியும்னா ஒருத்தன்கூட ஏன் சொல்லல?"

"நேரா நில்லு, அசையாதேன்னு நீங்க நிறுத்தி வச்ச வரிசை. உங்க முதுகுதான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்பானர் தட்டைப் பிடிச்சுக்கிட்டுச் சக்கரத்துப் பக்கத்துல நின்னது ஒருத்தி. அவ சொன்னா."

"அவ என்னைக் கிறுக்கன்னு சொன்னா!"

"ரேடியோ," என்றார் மேடம். "நீ ஒருத்தனைத் திட்டணும். அந்த வார்த்தையால. எப்படிச் சொல்லுவ?"

ரேடியோ மேடத்தைப் பார்த்தான். "மரை கழண்டுடுச்சும்பேன். மரை கழண்ட கேஸும்பேன்."

"மரை கழலுதும்பியா?"

அவன் வாய் திறந்தபடியே நின்றது. வாழ்நாள் முழுக்கத் திட்டியவன். ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

"இல்ல மேடம்," என்றான் மெதுவாக. "கழண்டு முடிஞ்சவனைத்தான் திட்டுவோம். கழலும்போது பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு யாரும் திட்ட மாட்டாங்க. கழலுதுன்னா... அது நட்டு."

"கேட்டுக்கிட்டீங்களா, கேப்டன்? கண் முன்னாடி கழண்டுக்கிட்டிருந்ததை அவ சொன்னா. உங்க காதுல அது வசவா விழுந்துது. ஓட அனுப்பிட்டீங்க. வேற யாராவது திரும்ப இறுக்கியிருப்பாங்கன்னு நம்பிக்கிட்டு ஓடியிருக்கா. வண்டி அப்படியே கிளம்பறதைப் பார்த்ததும் பின்னாலயே வந்திருக்கா."

கேப்டன் கிரீஸைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்று ரேடியோவுக்குத் தோன்றியது. ஆனால் குரலில் இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. "அப்ப விசாரணையில இதைச் சொல்லியிருக்கலாமே! ஊமையா இவ?"

"ஏன் சொல்லல பாப்பா?" என்று ரேடியோவும் கேட்டான்.

கிரீஸ் தரையைப் பார்த்தாள். "சொன்னா, அவன் காலை உடைச்சது யாருன்னு ஆயிடும். அவன் இவரோடதான் மாமா வீட்டுக்குப் போகணும். என்னை அனுப்பினா நான் அம்மாகிட்டதானே போவேன்."

ரேடியோ கீழே கிடந்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றார் மேடம். "விருந்தாளிங்க முன்னாடி புழுதி பறக்க ஓட்ட வேண்டிய வண்டி. உங்க மகன் ஏன் அவ்வளவு மெதுவா ஓட்டினான்?"

"பயந்தாங்கொள்ளி," என்றார் கேப்டன் பழக்கதோஷமாக.

மேடம் சுவரிலிருந்த புகைப்படத்தைக் காட்டினார். ஓட்டுநர் இருக்கை. அதன் கீழே முன் இடது சக்கரம். அதன்மேல் கேப்டனின் பூட்ஸ். மேலேயிருந்த பையன் கேமராவைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டன் படத்தருகே போனார். பையனின் முகத்தருகே குனிந்தார். திரும்பியபோது அந்த முகத்தில் ஈயாடவில்லை. கிரீஸைக் கடக்கும்போது, அவளைப் பார்க்காமலே, "அணிவகுப்புக்குப் போய் நில்லு. உன் இடத்துல," என்றார். மேடத்திடம், "நீங்க ரெண்டு பேரும் கேட்டைத் தாண்டிப் போகலாம். திரும்ப வர வேண்டாம்," என்றார். நட்டைக் கைக்குள் மூடிக்கொண்டே நோயாளி அறைக்குள் போனார்.

கிரீஸ் இன்னொரு நட்டை எடுத்து, வெறுமையாய் நின்ற ஆணியில் வைத்து இடப்பக்கமாகச் சுற்றினாள். அது பதமாக ஏறியது. ஸ்பானர் போட்டு ஒரு அழுத்து. பிறகு மாமனைப் பார்த்தாள்.

"நீங்களும்தானே நம்பினீங்க?"

"ஆமாடி," என்றான் ரேடியோ.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வரிசையை நோக்கி நடந்தாள்.

கேட்டுக்குப் போகும் வழி நோயாளி அறை ஜன்னலை ஒட்டித்தான் இருந்தது. உள்ளே பேச்சே இல்லை. மேடம் நடையைத் தளர்த்தினார். ரேடியோவும் நின்றான். உள்ளே இரும்பு மேஜையின் மேல் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது, சின்னதாக.

மைதானத்தில் கொடி இறங்க ஆரம்பித்தது.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றது கேப்டனின் குரல். அதட்டலில்தான் தொடங்கியது, பாதியில் அதட்டல் அறுந்துபோயிற்று. "அப்புறம் ஏண்டா என்கிட்ட சொல்லல?"

கட்டில் கிறீச்சிட்டது.

"சொன்னவளைத்தான் ஓட விட்டீங்களே, அப்பா."